வீட்டில் செய்த சப்வூஃபரும் மூன்று எண்களும்

இந்திய நகரங்களில் ஒலிப்பெட்டி என்பது நெடுங்காலம் தச்சரும் எலக்ட்ரீஷியனும் கூடிச் செய்த பொருளாகவே இருந்தது. ஸ்பீக்கரை ஒரு கடையிலும், பிளைவுட்டை இன்னொரு கடையிலும், ஆம்ப்ளிஃபயர் போர்டை மற்றொரு கடையிலும் வாங்கி, வீட்டுத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ ஒட்டி முடிப்பது வழக்கம். டில்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை இந்தக் கைத்தொழிலுக்கு உதிரிப்பொருள் தந்த இடங்கள். தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் இதனை நிறுவனப் பொருளின் மலிவான நகல் என்று கருதிக் கடந்துவிடுவது உண்டு. தாழ் ஒலியின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அந்த மதிப்பீடு பொருந்தவில்லை. நிறுவனங்கள் விற்ற பெட்டிகளுக்கே மூலம் பல வேளைகளில் வீட்டுப் பட்டறையாக இருந்திருக்கிறது. அந்த அறிவு எவ்வாறு எண்களாக மாறியது, அந்த எண்கள் யாருக்கு உதவின, யாரைக் கைவிட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் நாயின் குரைப்பைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல்லிலிருந்து வூஃபர் பிறந்தது. சிறு பறவையின் கீச்சொலியிலிருந்து ட்வீட்டர் பிறந்தது. வூஃபருக்கும் கீழே இறங்கும் கருவி சப்வூஃபர் ஆயிற்று. பொதுவாக 20 ஹெர்ட்ஸ் முதல் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே அதன் ஆட்சி. இந்தப் பகுதியில் ஒலியின் இயல்பே வேறு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர், 20 ஹெர்ட்ஸில் அது 17 மீட்டர். ஒரு நடுத்தர வீட்டின் எந்த அறையை விடவும் அலை பெரிது. அதே உரப்பில் அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமென்றால் கூம்பு தள்ளும் காற்றின் அளவு நான்கு மடங்காக வேண்டும். தாழ் ஒலிக்குப் பெரிய கூம்பும், நெடிய அசைவும், உறுதியான பெட்டியும் வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

பெட்டி ஏன் வேண்டும்?

இன்றைய ஒலிபெருக்கியின் நேரடி மூதாதை 1925இல் வெளிவந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும், ஊதுகுழல் இல்லாமல், காந்தப் புலத்துக்குள் அசையும் சுருளையும் காகிதக் கூம்பையும் கொண்டு இயங்கும் ஒலிபெருக்கியை அவ்வாண்டு ஆய்வுக் கட்டுரையாக விளக்கினர். அடுத்த ஆண்டே அது ஆர்சிஏ நிறுவனத்தின் விற்பனைப் பொருளாயிற்று. அந்தக் கருவியோடு ஒரு சிக்கலும் கூடவே வந்தது. கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அலைநீளம் பெரிதாக இருக்கும் தாழ் ஒலியில் இந்த அழிவு ஏறக்குறைய முழுமையாகிவிடுகிறது. பெட்டியில்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்து வாசித்தால் குரல் கேட்கும், அடி கேட்காது. பின்னலையை முன்னலையிடமிருந்து பிரித்து வைப்பதே பெட்டியின் முதல் கடமை.

இந்தக் கடமையை மண்பானையும் செய்யும். டீக்கடைகளிலும் வீடுகளிலும் பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுக் கேட்ட வழக்கம் தமிழ்நாட்டில் பலர் அறிந்தது. பானையின் வயிறு பின்னலையை அடைத்து வைக்கிறது. வளைந்த சுவர் ஆதலால் பலகையைப் போல எளிதில் அதிர்வதில்லை. எதிரெதிர்ச் சுவர்கள் இல்லாமையால் அவற்றினிடையே நிலையலைகள் எழுவதும் குறைவு. ஒலியியல் நோக்கில் இது குறையற்ற மூடிய பெட்டி. இருந்தும் பானையின் ஒலி ஆழமாக இராமல் "தம்"மென்று ஒற்றைச் சுருதியில் முழங்குவது ஏன் என்ற வினாவுக்கு விடை கிடைக்க இன்னும் சில பத்தாண்டுகள் கடந்து செல்ல வேண்டும்.

தாழ் ஒலியை வரவழைக்கும் இரண்டு அடிப்படை வழிகள் இசைக்கருவி செய்வோருக்கு முன்பே தெரிந்திருந்தன. ஒன்று, அதிரும் பரப்பின் எடையைக் கூட்டுவது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவது இதற்காகவே. தோலின் எடை கூடினால் சுருதி இறங்கும். இந்தியத் தோற்கருவிகளில் இவ்வாறு எடை ஏற்றப்பட்ட தோலின் அதிர்வுகளை சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் வெளியிட்ட கட்டுரைகளில் ஆராய்ந்தார். மற்றொன்று, அடைபட்ட காற்றை ஒரு கழுத்தின் வழியே அசையவிடுவது. கடத்தின் வாயிலிருந்து எழும் தாழ்ந்த நாதம் அத்தகையது. வயிற்றுக்குள் இருக்கும் காற்று வில் போலவும், கழுத்தில் இருக்கும் காற்று எடை போலவும் செயல்பட்டுக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய இந்த ஒத்ததிர்வை ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் கொண்டுவந்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் தூரஸ். 1930இல் விண்ணப்பித்து 1932இல் அவர் பெற்ற காப்புரிமை, பெட்டியில் ஒரு துளையிட்டு, வீணாகும் பின்னலையையே தாழ் ஒலிக்குத் துணையாக மாற்றியது. வீட்டில் பெட்டி செய்வோர் பிளம்பிங் கடையில் வாங்கும் பிவிசி குழாயை வெட்டிப் பலகையில் செருகும்போது தூரஸின் கருத்தையே கையாள்கின்றனர்.

மெத்தை உறைத்துணியும் ஒரு வணிகமும்

1950களின் தொடக்கம் வரை நல்ல தாழ் ஒலி வேண்டுவோர் பெரிய பெட்டிகளை ஏற்றுக்கொண்டாக வேண்டும். பால் கிளிப்ஷ் வடிவமைத்த மூலை ஒலிபெருக்கி, அறையின் சுவர்களையே தன் குழலின் நீட்சியாகப் பயன்படுத்தியது. அத்தகைய கருவிக்கு அறையில் ஒரு மூலை முழுவதும் தேவைப்பட்டது. இந்நிலையை மாற்றியவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் ஒலிமீட்டுருவாக்கம் கற்பித்து வந்த அவர், உட்ஸ்டாக்கில் இருந்த தம் வீட்டில் முதல் மாதிரியை உருவாக்கினார். கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஓரவளையம் மிகவும் தளர்வாக இருக்க வேண்டியிருந்தது. வரைவாளராகப் பணியாற்றிய அனுபவம் கொண்ட அவர் மனைவி ரோஸ்மேரி வெட்டுவடிவத்தை வரைந்து கொடுக்க, மெத்தை உறைத்துணியிலிருந்து அவ்வளையம் உருவாயிற்று.

வில்ச்சரின் கருத்து எளியது. கூம்பை நிலைக்குத் திருப்பும் வேலையைத் துணிக்கும் காகிதத்துக்கும் கொடுத்தால் அவை பெரிய அசைவில் சீராக நடந்துகொள்வதில்லை. அடைத்த பெட்டியின் காற்றோ அவற்றைவிடச் சீரான வில். ஆகவே கூம்பைத் தளர்த்திவிட்டு, சிறிய மூடிய பெட்டியின் காற்றையே வில்லாகப் பயன்படுத்தலாம். அவருடைய மாணவர் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், 1954இல் 12 அங்குல வூஃபர் கொண்ட ஏஆர்-1 என்னும் பெட்டியை வெளியிட்டது. அலமாரித் தட்டில் அமரும் பெட்டியில் ஆழ்ந்த தாழ் ஒலி கேட்டது. 1956இல் கிடைத்த காப்புரிமை, ஹாரி ஓல்சன் முன்னரே பெற்றிருந்த காப்புரிமை காரணமாகப் பின்னர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. அதன் விளைவு வீட்டுப் பட்டறைக்கு நன்மையாயிற்று. மூடிய சிறிய பெட்டி யாரும் உரிமை கோர முடியாத பொதுச்சொத்தானது.

இதற்கு ஒரு விலை இருந்தது. பெட்டியின் கொள்ளளவு, தாழ் ஒலியின் ஆழம், மின்திறனை ஒலியாக மாற்றும் திறன் ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்தால் மூன்றாவது கைவிட்டுப் போகும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று வழங்கும் இதன்படி, அதே திறனில் 50 ஹெர்ட்ஸிலிருந்து 25 ஹெர்ட்ஸுக்கு இறங்கப் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். பெட்டியைப் பெரிதாக்காவிட்டால் எட்டு மடங்கு மின்திறன் செலவிட வேண்டும். வில்ச்சர் இரண்டாவதைத் தேர்ந்தார். டிரான்சிஸ்டரும் அதன்பின் ஒருங்கிணைந்த சுற்றும் மின்திறனை மலிவாக்கியபின் உலகம் முழுவதும் அதையே தேர்ந்தது.

முதல் எண்: செய்பவருக்குக் கிடைத்த விடுதலை

இதுவரை பெட்டியின் அளவைத் தீர்மானித்தது பெரும்பாலும் செவியும் அனுபவமும்தான். செய்து பார்த்து, கேட்டுப் பார்த்து, பலகையை அறுத்து மீண்டும் செய்வதே முறை. இதனை முடிவுக்குக் கொண்டுவந்த கட்டுரை நியூயார்க்கிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரவில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1961இல் நெவில் தீல், துளையிட்ட பெட்டிகளைப் பற்றிய தம் கட்டுரையை ஆஸ்திரேலியப் பொறியாளர் இதழொன்றில் வெளியிட்டார். ஒலிபெருக்கியும் பெட்டியும் சேர்ந்து ஒரு மின்வடிகட்டியைப் போல நடந்துகொள்கின்றன என்பதும், ஆதலால் வடிகட்டிகளுக்காக வளர்ந்திருந்த கணிதம் முழுவதையும் பெட்டிக்குப் பயன்படுத்தலாம் என்பதும் அவருடைய கண்டறிதல். 28 வகைப் பொருத்தங்களை அவர் அட்டவணையாகத் தந்தார். அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் சங்க இதழ் 1971இல் மறுபதிப்புச் செய்யும் வரை, பத்தாண்டுகள் அக்கட்டுரை பரவலான கவனம் பெறவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால், 1972 முதல் வெளிவந்த தொடர் கட்டுரைகளில் இதனை மூடிய பெட்டிகளுக்கும் விரித்து, அளக்கும் முறைகளையும் ஒழுங்குபடுத்தினார். மையங்களுக்கு வெளியே பிறக்கும் அறிவு மையத்தின் இதழில் மறுபிறப்பு எடுத்த பின்னரே அறிவாக எண்ணப்படுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தீல்–ஸ்மால் அளவுகள் என்று இன்று வழங்குபவற்றுள் மூன்று போதும், ஒரு மூடிய பெட்டியைக் கணக்கிட. முதலாவது, ஸ்பீக்கரின் இயல்பான ஒத்ததிர்வெண். இரண்டாவது, அந்த அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதைக் காட்டும் எண். மூன்றாவது, அதன் தொங்கலின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் கொள்ளளவு. எடுத்துக்காட்டாக இவை முறையே 30 ஹெர்ட்ஸ், 0.4, 60 லிட்டர் என்று கொள்வோம். 60ஐப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணால் ஒத்ததிர்வெண்ணையும் அடங்கலெண்ணையும் பெருக்கினால் பெட்டிக்குள் ஸ்பீக்கர் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிடும். 28 லிட்டர்ப் பெட்டியில் ஒத்ததிர்வு 53 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, அடங்கலெண் 0.71 ஆகிறது. மேடு பள்ளமற்ற சமமான ஒலிக்கு அதுவே உகந்த மதிப்பு.

இப்போது அதே ஸ்பீக்கரை 8 லிட்டர் மண்பானையில் பொருத்துவதாகக் கொள்வோம். ஒத்ததிர்வு 87 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது, அடங்கலெண் 1.17. ஒத்ததிர்வுக்குச் சற்று மேலே 2 டெசிபலுக்கு மேற்பட்ட மேடு எழுகிறது. அதற்குக் கீழே ஒலி விரைந்து சரிகிறது. பானை ஏன் "தம்"மென்று முழங்கியது என்பதற்கான விடை இதுதான். குறை மண்ணிலோ வடிவத்திலோ இல்லை. அடைபட்ட காற்றின் அளவில் இருந்தது. பெரிய பானை எடுத்திருந்தால் பலகைப் பெட்டிக்குச் சற்றும் குறையாத ஒலி கிடைத்திருக்கும்.

இந்தக் கணக்குக்குப் பள்ளிக் கணிதத்துக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம். 1970களில் கைக்கணிப்பான் பரவியபோது, பொறியியல் ஆய்வுக்கூடத்தின் அறிவு மேசை மேல் செய்யக்கூடிய வேலையாக மாறியது. அளவுகளை அறியவும் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு மின்தடை, ஒரு மல்ட்டிமீட்டர், தூய சுருதியை எழுப்பும் ஏதேனும் ஒரு கருவி ஆகியவை போதும். கூம்பின் நடுவே எடை தெரிந்த சில நாணயங்களை ஒட்டி, ஒத்ததிர்வெண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் தொங்கலின் நெகிழ்வு கணக்கில் வந்துவிடும். தொப்பியில் ரவை அப்பும் கையின் அறிவு இங்கே அளவீட்டு முறையாகியிருக்கிறது.

இரண்டாம் எண்: வாங்குபவரை ஏமாற்றியது

சப்வூஃபரைத் தனிப் பொருளாகப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது திரைப்படம். 1974இல் வெளிவந்த எர்த்குவேக் படத்துக்காக யூனிவர்சல் நிறுவனம் சென்சரவுண்ட் என்னும் தாழ் ஒலி முறையை அரங்குகளில் அமைத்தது. 1992இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தோடு அறிமுகமான டால்பி டிஜிட்டல், தாழ் ஒலி விளைவுகளுக்குத் தனித் தடம் ஒன்றை ஒதுக்கியது. 5.1 என்னும் தொடரில் புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று அதுவே. 1991க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த இந்தியாவில், விசிடியும் டிவிடியும் பரவிய ஆண்டுகளில், 5.1 என்பது நடுத்தர வர்க்க வீட்டின் ஆசைப்பொருளாயிற்று. நிறுவனப் பெட்டிகளை வாங்க இயலாதவர்களுக்கு உள்ளூர்ப் பட்டறைகள் அதே வடிவத்தில் செய்து கொடுத்தன. கார் ஸ்டீரியோவுக்காக உருவான எல்ஏ4440 என்னும் சான்யோ சில்லு இந்தியக் கைவினைஞரிடையே பெற்ற செல்வாக்கு, அந்தச் சில்லை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடியதன்று. இன்றும் "4440 போர்டு" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

இக்காலத்தில்தான் இரண்டாவது எண் சந்தைக்கு வந்தது. பெட்டிகளின் முகப்பில் பிஎம்பிஓ என்ற எழுத்துகளோடு ஆயிரக்கணக்கான வாட்டுகள் அச்சிடப்பட்டன. உச்ச இசைத்திறன் என்று விரியும் இதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை எதுவும் இல்லை. உண்மைத் திறனை எளிதாகக் கணக்கிடலாம். 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு போர்டு, பாலமுறை இணைப்பில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு, உருச்சிதையாமல் அதிகபட்சம் 18 வாட் தரலாம். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று தனியே இருந்தாலன்றி அதற்கு மேல் இயலாது. 4440 சில்லின் சொந்த விவரத்தாளே, கார் மின்கலத்தின் 13.2 வோல்ட்டில், சற்றுக் கூடுதலான உருச்சிதைவை ஏற்றுக்கொண்டு, 19 வாட் என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் இத்தகைய மிகைக்கூற்றுகளைக் கட்டுப்படுத்த 1974இலேயே விதி வந்தது.

தீலும் ஸ்மாலும் தந்த எண்கள் யாரும் சோதிக்கக்கூடியவை. பிஎம்பிஓ எண்ணைச் சோதிக்க வழியே இல்லை. சந்தையில் குவிந்த மலிவு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் அங்குலமும் ஓமும் வாட்டும் இருந்தன. பெட்டிக்குத் தேவையான அந்த மூன்று அளவுகள் இல்லை. அறிவு பொதுவில் கிடைத்தும், அதைப் பயன்படுத்தத் தேவையான தரவு பொருளோடு வரவில்லை. பட்டறைக்காரர் மீண்டும் செவியையே நம்ப வேண்டியதாயிற்று. உள்ளூர்ப் பெட்டிகள் வெறுமனே முழங்குகின்றன என்று குறை கூறுவோர், அந்த முழக்கத்தின் மூலம் கைவினைஞரின் அறியாமையில் இருக்கிறதா, விவரத்தாள் தராத விற்பனையில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் எண்: அடுத்த வீட்டாரைக் கைவிட்டது

செய்பவரும் வாங்குபவரும் தவிர மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: சுவருக்கு அப்பால் வசிப்பவர். இந்தியாவில் அவருக்குக் காப்பாக இருப்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று அவை வரம்பு வகுக்கின்றன. அலகு, ஏ-எடையிட்ட டெசிபல். இந்த எடையிடுதலுக்குத் தனி வரலாறு உண்டு. தூரஸ் பணிபுரிந்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில், ஃபிளெட்சரும் மன்சனும் மனிதச் செவி வெவ்வேறு அதிர்வெண்களை எவ்வளவு உரப்பாக உணர்கிறது என்று ஆராய்ந்து 1933இல் வெளியிட்டனர். மெல்லிய ஒலிகளில் செவி தாழ் அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது. ஏ-எடை அந்த மெல்லிய ஒலிநிலையைப் பின்பற்றி அமைந்தது. ஒலியின் உரப்பு கூடும்போது செவியின் இந்தப் பாகுபாடு குறைந்துவிடுகிறது. ஆனால் மானி தன் கழித்தலைக் குறைப்பதில்லை.

50 ஹெர்ட்ஸில் ஏ-எடை ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது. ஆகவே அடுத்த வீட்டு அறைக்குள் 85 டெசிபல் அளவில் 50 ஹெர்ட்ஸ் ஒலி நிறைந்திருந்தாலும் மானி 55 என்றே காட்டும். அது பகல் வரம்புக்கு உட்பட்டது. சன்னல் கண்ணாடி அதிர்வதை உணர்பவர், புகார் கொடுக்கும்போது கையில் சட்டத்துக்கு உட்பட்ட எண் ஒன்றைப் பெறுகிறார். சுவரும் அவருக்குத் துணை செய்வதில்லை. தோராயமாகச் சொன்னால், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் சுவரின் தடுக்கும் ஆற்றல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. பாட்டின் சொற்களைச் செங்கல் தடுத்துவிடுகிறது, அடியை விட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, சி-எடை அளவுக்கும் ஏ-எடை அளவுக்கும் இடையே 10 டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதிர்வெண் வாரியாக ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்தது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அந்த வேறுபாடு ஏறக்குறைய 29 டெசிபல். இந்திய விதிகளின் வரம்புகளோ ஏ-எடையில் மட்டுமே வகுக்கப்பட்டுள்ளன.

இந்தச் சட்டக் குறையின் சுமையும் கைவினைஞர் மீதே விழுகிறது. எண் உதவாத இடத்தில் வழக்கு செவியாலும் செல்வாக்காலும் தீர்க்கப்படுகிறது. விலையுயர்ந்த வீட்டு அரங்கின் அதிர்வு வசதியாகவும், ஒட்டுக் குடியிருப்பில் இருக்கும் பலகைப் பெட்டியின் அதிர்வு தொல்லையாகவும் பெயர் பெறுவதற்கு இயற்பியலில் காரணம் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் உறங்க விரும்புபவருக்கும் பாட்டுக் கேட்க விரும்புபவருக்கும் நியாயம் கிடைக்கும்.

அறிவியல் வரலாற்று மாணவர்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளையும் காப்புரிமைகளையும் தேடிப் படிப்பது இயல்பு. தாழ் ஒலியின் வரலாற்றுக்கு அவை போதா. மெத்தை உறைத்துணியும், பிவிசி குழாயும், கூம்பில் ஒட்டிய நாணயமும், ஸ்பீக்கரின் பின்புறத்தில் அச்சிடாமல் விட்ட எண்களும் அந்த ஆவணத்தின் பகுதிகளே. லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் ரிச்சி தெருவிலும் இருபது, முப்பது ஆண்டுகளாகப் பெட்டி செய்தவர்கள் தொழிலை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள். புளூடூத் பெட்டி அவர்களுடைய வேலையை எடுத்துக்கொண்டது. அவர்கள் எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்று தீர்மானித்த முறைகள் எந்த நூலகத்திலும் இல்லை. பேசிப் பதிவுசெய்ய அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.